பேரை எடுத்துவிடாதே

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. "அம்மா, நான்தான் கடைசியாக வருவேன், பேசாமல் நீச்சல் போட்டியிலிருந்து பேரை எடுத்துவிடட்டுமா?" என்றாய். எடுக்காதே. ஏன் என்று ஆற அமர எழுதுகிறேன்.

உன் மனதில் இருப்பது பள்ளிக்கூடத்து நீச்சல் போட்டி. எட்டுப் பேர் குதிப்பார்கள், மூன்று பேருக்குப் பதக்கம், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு துண்டைத் தேடுவார்கள். நீ பேர் கொடுத்திருக்கும் மாஸ்டர்ஸ், அதாவது பெரியவர்களுக்கான நீச்சல் போட்டி, வேறு. உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் விதிப்படி 25 வயதிலிருந்து ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள் உண்டு: 25–29, 30–34, இப்படியே நூறைத் தாண்டியும் போகும். டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. நவம்பரில்தான் உனக்கு 35 ஆகிறது, ஆனாலும் வருடம் முழுக்க நீ 35–39 பிரிவில்தான். அந்தப் பிரிவின் இளையவர்களில் ஒருவன் என்பதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்.

ஆனால் தண்ணீரில் வயதுவாரியாக நிற்கவைப்பது குறைவு. சின்னப் போட்டிகளில் பெரும்பாலும் நீந்தி முடிக்க எவ்வளவு ஆகும் என்று நீ எழுதிக் கொடுத்த நேரத்தை வைத்துத்தான் ஹீட், அதாவது ஒன்றாக நீந்தும் குழு, பிரிப்பார்கள், ஆணும் பெண்ணும் ஒன்றாகவே நீந்துவார்கள். உனக்கு இந்தப் பக்கம் 26 வயதுப் பையன் இருப்பான், அந்தப் பக்கம் 70 வயதுப் பெண்மணி இருப்பார். ஹீட்டில் யார் முதலில் சுவரைத் தொட்டார் என்பது முடிவு ஆகாது. எல்லா ஹீட்டும் முடிந்த பிறகு, நேரங்களைப் பிரிவுவாரியாகப் பிரித்துப் பட்டியல் போடுவார்கள். அதனால் நீ பயப்படும் அந்தக் "கடைசி" அங்கே கண்ணுக்கே தெரியாது.

48 வயதில் என் முதல் போட்டியில் பக்கத்து லேனில் இருந்தவர் என்னைவிட இருபது வயது மூத்தவர். இரண்டாவது நீளத்திலேயே என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் முடித்து மூச்சு வாங்கியபோது லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். "முதல் தடவையா? நன்றாக நீந்தினாய்," என்றார். அவ்வளவுதான் பேசினோம். இன்றைக்கும் புதியவர் யாராவது என் பக்கத்தில் நீந்தினால் நான் அவசரமாக வெளியே ஏறுவதில்லை. மாஸ்டர்ஸ் விதியும் இதற்கு இடம் கொடுக்கிறது: நடுவர் சொல்லும்வரை உன் லேனிலேயே இருக்கலாம்.

இதெல்லாம் சரியாக அமைய நீ செய்ய வேண்டியது ஒன்று. படிவத்தில் உண்மையான நேரத்தை எழுது. கௌரவத்துக்காகக் குறைத்து எழுதினால் வேகமான ஹீட்டில் மாட்டிக்கொண்டு தனியாகத் தத்தளிப்பாய். 25 மீட்டர் குளத்தில் எடுத்த நேரமா, 50 மீட்டர் குளத்தில் எடுத்ததா என்றும் பார்த்துக்கொள். 25-இல் திருப்பம் அதிகம், சுவரை உதைத்துத் தள்ளும் வாய்ப்பும் அதிகம், அதனால் அதே ஆள் அதில் வேகமாக முடிப்பார்.

அன்று காலையில் சீக்கிரம் போ. வார்ம் அப் நேரத்தில் குளம் நெரிசலாக இருக்கும். ஒரு லேனில் பத்துப் பேர் வட்டமாகச் சுற்றுவார்கள். அதற்குள் தலைகீழாகப் பாயாதே, கால் முதலில் இறங்கு. ஓரத்து லேன் ஒன்றில் டைவ் பழகத் தனியாக நேரம் விடுவார்கள், அங்கே இரண்டு முறை பாய்ந்து பார். இரண்டு காகிள்ஸ் எடுத்துப் போ, ஒன்றின் ரப்பர் அன்றைக்குத்தான் அறுந்துபோகும். ஹீட் தாளில் உன் நிகழ்ச்சி எண், ஹீட், லேன் மூன்றையும் பார்த்துக் கைமேல் பேனாவால் எழுதிக்கொள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்தது விசில். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் ரொம்பவே தடுமாறினேன். முதலில் குட்டி விசில்கள் வரிசையாக வரும், அப்போது மேலே போட்ட உடையைக் கழற்றித் தயாராகு. அப்புறம் ஒரு நீண்ட விசில், பாய்வதற்கான மேடையான பிளாக்கின் மேல் ஏறு. மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் என்றால் அந்த விசிலுக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும், இரண்டாவது நீண்ட விசிலுக்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் குனிந்து அசையாமல் நில். ஒலி கேட்ட பிறகுதான் பாய வேண்டும். அதற்கு முன் பாய்ந்தால் தகுதி நீக்கம், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பிளாக் உயரமாகத் தோன்றிக் கால் நடுங்கினால் குளத்தின் விளிம்பிலிருந்தே பாயலாம், தண்ணீருக்குள் இறங்கிச் சுவரைத் தள்ளியும் தொடங்கலாம். மாஸ்டர்ஸில் மூன்றும் செல்லும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

தவளைபோல நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் திருப்பத்திலும் முடிவிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும், கைகள் ஒன்றன்மேல் ஒன்று இருக்கக் கூடாது. என் முதல் 50 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் போட்டியில் பதற்றத்தில் ஒரு கையால் தொட்டுத் திரும்பிவிட்டேன். முடிந்ததும் நடுவர் வந்து தகுதி நீக்கத்துக்கான காரணத்தைப் பொறுமையாகச் சொன்னார். அன்று கழிவறையில் நின்று அழுதேன். மறுநாளிலிருந்து பயிற்சியில் ஒவ்வொரு சுவரையும் இரண்டு கையால் தொட ஆரம்பித்தேன். நீ இன்றைக்கே ஆரம்பி.

உன் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதல் 25 பறப்பதுபோல இருக்கும். அதை நம்பாதே. மூன்றாவது 25-இல் கை ஈயமாகக் கனக்கும், அப்போதுதான் உன் கையில் என்ன மிச்சம் வைத்திருக்கிறாய் என்பது தெரியும். மூச்சே முட்டினாலும் பயப்படாதே, ஃப்ரீஸ்டைலில் எந்த முறையிலும் நீந்தலாம். மல்லாந்து போகலாம். தரையில் கால் ஊன்றிக் கொஞ்சம் நிற்கக்கூடச் செய்யலாம், ஆனால் நடக்கக் கூடாது, கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஜப்பானின் மியெக்கோ நாகாவோக்கா 2015-இல், தன் 100-ஆவது வயதில், 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை மல்லாந்து பேக்ஸ்ட்ரோக்கிலேயே நீந்தி முடித்தார். 1 மணி 15 நிமிடம் 54.39 விநாடி. நீச்சலையே அவர் எண்பது வயதுவாக்கில்தான் தொடங்கினார். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ மட்டும் யோசிக்காமல் நிறுத்து, கையை உயர்த்து. நேரம் எனக்கு அப்புறம்தான்.

சுவரைத் தொட்டதும் நேரம் காட்டும் பலகையைப் பார்க்கத் தோன்றும். பார். ஆனால் பக்கத்து லேன்காரரையும் ஒரு முறை பார்த்துக் கை கொடு. பிறகு உன் நேரத்தை, நூறில் ஒரு பங்கு விநாடியையும் விடாமல், எனக்கு அனுப்பு. என் நோட்டில் உனக்காக ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா