ஒரு வசனத்தை அசைபோட்ட நாட்கள்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது, அதனால்தான் பதில் தாமதம். நல்லபடியாக முடிந்தது, பயப்படாதே.

கொஞ்ச நாள் எதையும் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் வேதவாசிப்பு உனக்குத் தெரியும்: 1189 அதிகாரத்தையும் ஒரே வருஷத்தில் முடிக்கிற அட்டவணை, நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம், முடித்ததும் ஒரு டிக். அது வீண் என்று சொல்ல மாட்டேன், வேதத்தில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிவதே அதனால்தான். ஆனால் வாசிப்பு ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடிப் படுத்திருந்தபோது மாற்கு 10-ல் பர்திமேயு என்ற குருடனிடம் இயேசு கேட்டதுதான் மனதில் நின்றது: "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்?" முதலில் நானும் பார்வையைத்தான் கேட்டேன். இரண்டு மூன்று நாள் அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்த பிறகுதான், கிட்டத்தட்ட இதே கேள்வியை அதே அதிகாரத்தில் சற்று முன்னால் தம் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் அவர் கேட்டிருப்பது உறைத்தது. அவர்கள் அவருக்கு வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டார்கள், வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்தவன் பார்வை கேட்டான். எத்தனையோ தடவை வாசித்த அதிகாரம்! இத்தனை வருஷம் நான் கேட்டவற்றில் எத்தனை, 'எனக்கு ஒரு இடம் கொடும்' என்று கேட்டவை என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, அழுதேன், அந்த அழுகையே ஜெபமாகிவிட்டது.

தியானம் என்றால் மனதைக் காலியாக்குவதுதானே, அது நமக்கு எதற்கு என்று கேட்டிருந்தாய். முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்ற இடத்தில் உள்ள எபிரெயச் சொல் ஹாகா. முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31:4-ல் இரையைப் பிடித்த சிங்கத்தின் உறுமலுக்கும், 38:14-ல் புறாவின் புலம்பலுக்கும் அதே சொல்தான். வார்த்தையை வாயில் வைத்து அசைபோடுகிற வேலை இது, காலியாக்குகிற வேலை இல்லை.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி இதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், ஜெபம், பிறகு தேவசமுகத்தில் அமர்ந்திருப்பது. எனக்கு அந்த வரிசை பிடிபடவில்லை. 1535-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் தனக்கு முடிவெட்டுகிற பேதுருவுக்கு எழுதியதுதான் கைக்கு வருகிறது: இந்த வார்த்தை எனக்கு என்ன கற்றுத்தருகிறது, எதற்கு நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. நடுவில் ஆவியானவர் பேசத் தொடங்கினால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கேள் என்றும் சொல்கிறார். சரி, ஒன்று மட்டும் கவனித்துக்கொள்: வசனத்தைத் தனியே பிய்த்து எடுக்காதே. முன்னும் பின்னும் வாசித்திருந்ததால்தான் யாக்கோபும் யோவானும் என் கண்ணில் பட்டார்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து உன் நினைவாகவே இருக்கிறேன். 131-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள், மூன்றே வசனம். தாயின் பால்மறந்த குழந்தை அதில் வருகிறது, எதையும் கேட்காமல் சும்மா மடியில் இருக்கிற குழந்தை. நானும் இந்த வாரம் அதையே வைத்துக்கொள்கிறேன். எந்தச் சொல்லில் நின்றாய் என்று எழுது.

உன் பழைய நண்பன்