பாப்பா சாமி கும்பிடவில்லை என்று கண்டுபிடித்தவர்களுக்கு

எதிர்வீட்டு அக்காவுக்கும் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வணக்கம்.

பாப்பாவுக்கு அப்போது ஐந்தரை மாதம். தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் சாய்த்து, இரண்டு கையையும் விரிப்பாள். ஓரிரு விநாடிதான். கொஞ்சம் விட்டு மறுபடியும். இப்படி வரிசையாக இருபது தடவைகூட வரும். சாமி கும்பிடுகிறாள் என்று வீடே ரசித்தது. அப்புறம் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். உரம் விழுந்திருக்கும் என்று அத்தை சேலையில் போட்டு உருட்டினார். முதலில் காட்டிய இடத்தில் வாயு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அக்கா, அன்று காலை பாப்பா உங்கள் மடியில் இருந்தாள். "ஒரே மாதிரி, எண்ணி வச்ச மாதிரி வருதும்மா. முன்ன மாதிரி முகம் பாத்துச் சிரிக்கவும் மாட்டேங்குறா" என்றீர்கள். சிரிப்பு நின்றது எனக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லப் பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதோடு விடாமல் போனில் படமும் பிடித்தீர்கள். நரம்பியல் டாக்டரம்மாவிடம் போனபோது பாப்பா அசையாமல் தூங்கினாள். அந்த ஒன்றரை நிமிட வீடியோவைப் பார்த்துத்தான் அன்றைக்கே மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனைக்கு எழுதினார்.

வாயில் நுரை இல்லை, கை கால் வெட்டி இழுக்கவில்லை. இதுவும் வலிப்புதானாம். இன்ஃபன்டைல் ஸ்பாசம், வெஸ்ட் சிண்ட்ரோம் என்றார். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வருவது. சிகிச்சை தள்ளிப்போகப் போக மூளை வளர்ச்சி அடிபடும் என்று மறைக்காமல் சொன்ன டாக்டரம்மாவுக்கு நன்றி. பாப்பா தூங்கும்வரை விளக்கை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்து இ.இ.ஜி. எடுத்த தம்பிக்கும் நன்றி.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தன் கைக்குழந்தைக்கு வந்த இதே தலைகுனிவை லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். வேறு யாருக்காவது இதற்கு வழி தெரியுமா என்று தவித்த அப்பாவின் கடிதம் அது. அவருடைய பிள்ளைக்கு மருந்து கிடைக்கவில்லை. ஹார்மோன் ஊசி பலன் தருகிறது என்பது 1958-இல்தான் தெரியவந்தது. அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

எங்களுக்குக் கொடுத்தது பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. பாப்பாவின் முகம் உப்பியது, ராத்திரி பகல் பார்க்காமல் பசித்து அழுதாள். அத்தனை நாளும் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்த கிராம சுகாதார செவிலியருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் கிட்டே வரக்கூடாது என்றதும் கோபித்துக்கொள்ளாமல் வாசலிலேயே நின்று விசாரித்த உங்கள் எல்லோருக்கும்தான்.

ஒரு வாரத்துக்குள் ஸ்பாசம் நின்றது. அடுத்த இ.இ.ஜி.யும் தெளிந்திருந்தது. உட்கார இன்னும் பழக்குகிறோம், பிசியோதெரபி நடக்கிறது. திரும்ப வரலாம் என்பதால் கவனமாகவே இருக்கிறோம். ஆனால் அக்கா, உங்கள் குரல் கேட்டால் இப்போது திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அத்தையே இப்போது கைக்குழந்தை உள்ள வீடுகளில், "தூங்கி எழுந்ததும் தலை குனியுதா? உருட்டாதீங்க, போன்ல படம் புடிச்சிட்டு ஓடுங்க" என்கிறார். அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. சந்தேகம் இருந்தால் எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள், காட்டுகிறேன்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா