மீந்த உணவுக்கும் ஒரு பத்தி வேண்டும்

ஆசிரியருக்கு,

உணவு வீணாகிறது என்றாலே கல்யாணப் பந்தியைத்தான் குறை சொல்கிறோம். ஆனால், 2022-ல் உலகில் வீணான சுமார் 105 கோடி டன் உணவில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை.

அரிசி கழுவிய தண்ணீரைக்கூடக் கொட்டாமல் வெண்டைக்காய் மண்டி வைக்கிற ஊர் எங்களுடையது. புளித்த இட்லி மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துக் கொட்டினால் காரப் பணியாரம். மீந்த இட்லி உப்புமாவாகும். புளிக்குழம்பை மறுநாள் சுண்டவைத்தால் முதல் நாளைவிட ருசி என்பது என் கட்சி. வீட்டில் எதிர்க்கட்சியும் உண்டு. மிஞ்சிய சோற்றை உப்பு, சீரகம் சேர்த்து அரைத்துக் கிள்ளி வைத்தால் பங்குனி வெயிலில் வற்றல் தயார்.

சோறு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெளியே நெடுநேரம் கிடந்த சோற்றில் சில கிருமிகள் விடும் நச்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

வாரந்தோறும் புதுப்புதுச் சமையல் குறிப்பு போடுகிறீர்கள், சரி. மீந்ததை வைத்துச் சமைக்கவும் ஒரு பத்தி ஒதுக்குங்களேன். எங்கள் ஆச்சிமாரிடம் கேட்டாலே ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

- வாசகர், காரைக்குடி