கடைசி அத்தியாயத்தின் குறை

ஆசிரியருக்கு, வணக்கம். ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாவது, கடைசி நாவலைப் பற்றிய கட்டுரையை ஞாயிறு இணைப்பில் படித்தேன். அந்த நாவலின் முடிவில் மனம் நிறையாத வாசகர்களின் வருத்தத்தைச் ‘சிறுபிள்ளைத்தனம்’ என்று கட்டுரையாளர் ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போர் முடிகிறது, அப்புறம் பத்தொன்பது ஆண்டுகளைத் தாண்டி, ரயில் நிலையத்தில் பிள்ளைகளை வழியனுப்பும் காட்சிக்குக் கதை போய்விடுகிறது. யார் யாரை மணந்தார்கள், பிள்ளைகளுக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் ஹாரியின் நண்பன் ரானுடைய இரட்டை அண்ணன்களில் பிரெட் போரில் இறந்த பின் ஜார்ஜ் எப்படி வாழ்ந்தான்? அந்த அத்தியாயத்தில் அவன் பெயரே இல்லை. தன் மகனுக்கு அவன் பிரெட் என்றே பெயர் வைத்ததை நாவலாசிரியர் ரௌலிங் பிறகு வெளியே சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அது நாவலிலேயே இருந்திருக்க வேண்டிய செய்தி.

2007 ஜூலை 21 காலையில் என் மகளோடு புத்தகக் கடை வரிசையில் நின்றேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மறுநாள் இரவு படித்து முடித்தவள், “ஜார்ஜைப் பத்தி ஒண்ணுமே இல்லையேப்பா” என்று அழுதாள். பத்து வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஒருவனைப் பற்றிய கவலை அது, சிறுபிள்ளைத்தனம் இல்லை. அன்று அப்படி வரிசையில் நின்றவர்கள் இன்று முப்பதைக் கடந்திருப்பார்கள். அந்த முடிவை இப்போது மறுபடி படித்து எழுதும்படி அவர்களைக் கேட்டு, அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், மதுரை