வெள்ளை டப்பா சிஸ்டருக்கு

வணக்கம் சிஸ்டர்.

மே 12, செவிலியர் தினம் வந்தால் போதும், வாட்ஸ்அப் முழுக்க நைட்டிங்கேல் அம்மையாரும் அவர் கைவிளக்கும்தான். எனக்கு மட்டும் உங்கள் டிராலியின் கீழ்த்தட்டில் இருக்குமே, அந்த வெள்ளை டப்பாதான் நினைவுக்கு வரும்.

என்னைத் தெரிகிறதா? 2022-ல் மெடிக்கல் வார்டுக்கு ஒப்பந்தத்தில் துப்புரவு வேலைக்கு வந்த பையன். பகலில் டி.எம்.எல்.டி. என்கிற லேப் டெக்னீஷியன் படிப்பு, இரவில் மாப். "நின்னுக்கிட்டே தூங்காதடா, பக்கெட்ல விழுவே" என்று முதல் நாளே திட்டினீர்கள்.

திட்டுவதில் நீங்கள் ஆள் பார்த்ததில்லை. ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்துவிட்டு ஊசியைக் கட்டில் ஓரத்திலேயே விட்டுப் போனார். பாதி வராந்தா போனவரைத் திரும்பக் கூப்பிட்டீர்கள். "சார், நீங்க போட்ட ஊசி, நீங்களே எடுத்துப் போடுங்க. காலைல பெட்ஷீட் உருவப்போறது ஆயாம்மா." அவர் முகம் சிவக்க எடுத்துப் போட்டார். ஆயாம்மா அப்போது வார்டிலேயே இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவருக்காக இன்னொருவர் சண்டை போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில், க்ளவுஸும் ஐ.வி. டியூபும் சிவப்பில், கண்ணாடிக் குப்பி நீலத்தில், ஊசி மட்டும் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். 2016 மருத்துவக் கழிவு விதிகள் வந்ததிலிருந்து இந்தச் சார்ட் ஒட்டாத ஆஸ்பத்திரிச் சுவர் இருக்காது. ஆனால் அவசரத்தில் ஒரு ஊசி சிவப்புப் பைக்குள் போய்விட்டால் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பையைத் தொடையோடு அணைத்துக்கொண்டு படி இறங்குகிறவருக்குத்தான் ஆகும்.

எனக்கு ஆனது. உங்கள் வார்டுப் பை இல்லை, மேல்மாடியிலிருந்து வந்தது. வாயைக் கட்டும்போது ஆள்காட்டி விரலில் சுருக்கென்றது. க்ளவுஸைக் கழற்றி, விரலை வாயில் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டீர்கள். "வாய்ல வைக்காதே. பிதுக்காதே. குழாய்க்கு வா." சோப்பும் தண்ணீரும், நீங்கள் போதும் என்கிற வரைக்கும். போனில் எங்கள் சூப்பர்வைசர், "யார்கிட்டயும் சொல்லாதே, காலைல பாத்துக்கலாம்" என்றார். போனை வாங்கி, "காலைல வரைக்கும் யாருக்காக வெயிட் பண்ணணும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதே இல்லை என்பதெல்லாம் எனக்கு அப்புறம் படித்துத் தெரிந்ததுதான். அன்று தெரிந்தது, கேஷுவாலிட்டி வரைக்கும் நீங்கள் நடந்த வேகம். முதல் மாத்திரையை ஒரு மணி நேரத்துக்குள் விழுங்கிவிட்டேன். ரிப்போர்ட் புக்கில் நடந்ததை எழுதிக் கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டீர்கள். நீங்களும் 2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு வந்தவர், உங்கள் வேலையும் அப்போது நிரந்தரமில்லை என்பது எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

மாத்திரை 28 நாள். வீட்டில் சொல்லவில்லை. நைட் இருக்கும் நாட்களில் 9 மணிக்கு உங்கள் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டி, "மாத்திரை போட்டியா?" என்பீர்கள். எங்களுக்கென்று ஜன்னலோரம் பேப்பர் கப் அடுக்கி வைத்திருந்த வார்டில்தான் அந்த மூடி. பகல் ட்யூட்டி நாட்களில் அதே 9 மணிக்கு ஒரு மிஸ்டு கால் வரும். 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று எடுத்த எல்லா டெஸ்டிலும் ஒன்றுமில்லை.

அதைவிடப் பெரிது அடுத்த வாரம் நடந்தது. எங்களில் ஒருவர்கூட ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எட்டுப் பேரையும் வரிசையில் நிற்க வைத்தீர்கள். முதல் ஊசி போட எல்லோரும் வருவார்கள். அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்றால் யார் நினைவு வைப்பது? டிரெஸ்ஸிங் ரூம் கதவுக்குப் பின்னால் காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, எட்டுப் பெயரும் தேதியும் எழுதினீர்கள். அதுவரை நாங்கள் "ஹவுஸ்கீப்பிங்", "ஏம்ப்பா", "இந்தாம்மா". அந்தத் தாளில்தான் ஆயாம்மாவின் பெயர் செல்லக்கிளி என்று எனக்கே தெரிந்தது.

இப்போது ஒரு லேபில் இருக்கிறேன். வெள்ளை டப்பா முக்கால் நிறைந்ததும் மூடிவிட்டு வேறு வைக்கிறேன். கூட இருப்பவர்கள் "இன்னும் இடம் இருக்கே" என்கிறார்கள். உங்களைப் போலத் திட்ட வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு வேறு ஊருக்கு மாறுதல் என்று கேள்விப்பட்டேன். பழைய நம்பர் போகவில்லை. நிரந்தர ஆணை கைக்கு வந்துவிட்டதா சிஸ்டர்? செல்லக்கிளி அம்மாவும் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறார்.