முறைப்பாடு: அடையாள அட்டைப் பிரதிகளைக் கவனயீனமாகக் கையாளுதல்

திருகோணமலை

கிளை முகாமையாளர்,
தவணைக்கொள்வனவுப் பிரிவு,
திருகோணமலைக் கிளை.

ஐயா,

கடந்த வாரம் குளிர்சாதனப் பெட்டிக்கான 4 ஆம் தவணையைக் கட்டியபோது காசாளர் தந்த பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் வேறொரு பெண்ணின் தேசிய அடையாள அட்டைப் பிரதி இருந்தது. முகம், பெயர், உப்புவெளி முகவரி, 12 எண்கள் கொண்ட அட்டை இலக்கம் எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. பழைய பிரதிகளை வெட்டிப் பிரிண்டரில் போடுகிறீர்கள். அந்தத் தாளை ஒட்டிய உறையில் இத்துடன் திருப்பித் தருகிறேன். அதை நான் பிரதி எடுக்கவில்லை. நடந்ததை அந்தப் பெண்ணுக்கு நீங்களே அறிவிக்க வேண்டும். எனக்கு வெற்றுத் தாளில் புதிய பற்றுச்சீட்டுத் தாருங்கள்.

"வெறும் போட்டோக்கொப்பிதானே" என்றார் காசாளர். அந்த இலக்கத்தின் முதல் 4 எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த 3 எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். 532 என்றால் பெண், பிறந்தது பெப்ரவரி 1. தொலைபேசியில் ஆளை உறுதிப்படுத்தப் பல இடங்களில் கேட்பது இதே அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும்தான். இவற்றை வைத்து ஒருவர் அந்தப் பெண்ணின் பெயரில் மாற்றுச் சிம் வாங்கிவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி (ஒருமுறைக் கடவுஎண்) அந்த மோசடிக்காரரின் கைக்குப் போகும். முகவரியும் கிடைத்தால் எங்கள் ஊரில் வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

இதைவிடப் பெரிய ஓட்டை உங்கள் வட்ஸ்அப் குழு. தவணை எழுதும்போது விற்பனையாளர் தன் சொந்தக் கைபேசியில் அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அந்தக் குழுவில் போடுகிறார். பிணை நின்றவரின் அட்டையும் அப்படியே போகிறது. தானாகப் பதிவிறங்கும் வசதி திறந்திருந்தால் படம் குழுவிலுள்ள ஒவ்வொருவரின் கலரியிலும் சேரும். கூகுள் போட்டோஸின் பேக்கப் (தானாகப் பிரதி சேமிக்கும் வசதி) திறந்திருந்தால் அவரவர் கூகுள் கணக்குக்கும் போகும். குழுவில் அழித்தாலும் அங்கே போனது அழிவதில்லை. வேலையை விட்டுப் போனவரின் கைபேசியை யார் பார்க்கிறார்கள்?

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைச் சொன்ன தேவைக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. சட்டத்தின் பகுதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன என்பதைச் சாட்டாகச் சொல்ல வேண்டாம். பூட்டிய அலுமாரிக்குச் சட்டம் தேவையில்லை.

பிரிண்டர் தட்டிலுள்ள பழைய பிரதிகளை இன்றே எடுத்து, குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் இயந்திரத்தில் போடுங்கள். நீள நீளமாகக் கிழித்தால் ஒட்டிவிடலாம். என் படமும் என் பிணையாளியின் படமும் யார் யாரிடம் இருக்கின்றன என்று எழுதித் தாருங்கள். அவற்றை அழிக்கும்போது கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்க வேண்டும். அங்கே 60 நாள் வரை கிடக்கும். இனிமேல் படத்தை நிறுவனத்தின் கணினியில் மட்டும் ஏற்றுங்கள். தாள் பிரதி கட்டாயமென்றால், அதன் மேல் குறுக்காக "தவணைக் கணக்குக்கு மட்டும்" என்று திகதியோடு எழுத வாடிக்கையாளருக்கு இடம் கொடுங்கள்.

தொலைபேசியில் சமாதானம் சொல்ல வேண்டாம். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்; வராவிட்டால் இதே கடிதம் உங்கள் தலைமையகத்துக்கும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் போகும்.

இங்ஙனம்,
தவணைக் கணக்கு வாடிக்கையாளர்

இணைப்பு: ஒட்டிய உறை 1