புதுப் பாடல் எழுதுவோர் கவனத்திற்கு

ஸ்தோத்திரம். பழைய பாடல்களே போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அவை வேண்டும், விடக்கூடாது. ஆனால் வேதாகமத்தில் சங்கீதம் 96, 98, 149 மூன்றுமே முதல் வசனத்திலேயே ‘புதுப்பாட்டு’ பாடச் சொல்கின்றன. துதிப் பாடல்கள் நம்மிடம் ஏராளம். 13, 88-ஆம் சங்கீதங்களைப் போல வேதனையோடு கர்த்தரிடம் முறையிடும் பாடல்கள் குறைவு. முதலில் அப்படிப்பட்ட பாடல்களை எழுதுங்கள்.

ஒரு பாடலுக்கு ஒரு வேதபகுதி, ஒரு கருத்து. பல்லவி 2 வரி, சரணம் 3 போதும். முழுச் சபையும் பாட, மெட்டு ஒன்றேகால் ஸ்தாயிக்குள் (ஆக்டேவ்) நிற்கட்டும். மேல் ஸ்தாயியின் டி (D) ஸ்வரத்தைத் தாண்டினால் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள்.

அதிகம் பிழைபடுவது குறில் நெடில். குறிலை நீட்டினால் ‘மனம் தந்தேன்’ என்பது ‘மானம் தந்தேன்’ ஆகிவிடும், ‘வரம்’ ‘வாரம்’ ஆகும். மெட்டு முந்தி வந்தால் இது நிச்சயம் நடக்கும். ஆகவே வரிகளை முதலில் சத்தமாக வாசித்து, நெடில் விழும் இடத்தில் மட்டும் ஸ்வரத்தை நீட்டுங்கள்.

வரிகளை ஆயரிடம் காட்டிய பிறகே இசைக்குழுவுக்கு அனுப்புங்கள். வாத்தியமின்றி 5 பேர் பாடிப் பார்க்கட்டும். இரண்டாம் முறையிலும் பல்லவி பிடிபடவில்லையென்றால் மெட்டைத்தான் மாற்ற வேண்டும்.